65க்கு மேல் ஆயுள் மீண்டதா? பெருந்தொற்றுக்குப் பிந்தைய கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கும் முறை

அமெரிக்காவில் 65 வயதைத் தொட்ட ஒருவருக்கு இன்னும் 19.6 ஆண்டு ஆயுள் எதிர்பார்க்கலாம் என்றது 2019ஆம் ஆண்டுக் கணக்கு. 2020இல் அது 18.5 ஆனது, 2021இல் 18.4. பிறகு 2022இல் 18.9, 2023இல் 19.5 என்று ஏறியது. இதை வைத்து "மூத்தோரின் ஆயுள் மீண்டுவிட்டது" என்று ஒருவர் எழுதலாம், "இன்னும் மீளவில்லை" என்று இன்னொருவர் எழுதலாம். இரண்டு பேருக்கும் ஆதாரம் இதே ஐந்து எண்கள்தான். எந்த வயதிலிருந்து எண்ணினார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், 85க்கு மேற்பட்டவர்களின் தலைக்கணக்கு எவ்வளவு சரி என்பவற்றைப் பொறுத்தே விடை மாறுகிறது. அந்தக் கணக்கை ஒரு எக்செல் தாளில் போட்டு, ஆயுள் எங்கே விழுந்தது, எங்கே ஏறியது, அந்த ஏற்றம் உண்மைதானா என்று சோதிக்கும் வழி இது. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

பிறப்பில் பார்க்காதீர்கள், 65இல் பாருங்கள்

செய்தித்தாளில் வரும் "சராசரி ஆயுட்காலம்" பிறப்பிலிருந்து எண்ணியது. அமெரிக்காவில் அது 2019இல் 78.8, 2021இல் 76.4, 2023இல் 78.4. விழுந்தது 2.4 ஆண்டு, திரும்ப வந்தது 2.0. 65இல் பார்த்தால் விழுந்தது 1.2, திரும்ப வந்தது 1.1. அதாவது மூத்தோர் பக்கம் ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவிட்டது, பாக்கி நின்றது பெரும்பாலும் இளைய வயதுகளில். அங்கே போதைமருந்து மிகை, விபத்து போன்ற வேறு காரணங்களும் கலந்திருக்கின்றன. பிறப்பு எண்ணை வைத்துக்கொண்டு முதியோரைப் பற்றிப் பேசினால் அந்தக் கலப்பும் கூடவே வந்துவிடும்.

தலைகீழான உதாரணமும் உண்டு. 1918 காய்ச்சல் ஆண்டில் அமெரிக்காவின் பிறப்பு ஆயுள் 1917இன் 50.9இலிருந்து 39.1க்குச் சரிந்தது, 1919இலேயே 54.7க்கு எகிறியது. வரைபடத்தில் பள்ளத்தாக்கு மாதிரித் தெரியும். ஆனால் அந்தக் காய்ச்சல் அதிகம் வாரிக்கொண்டு போனது இளைஞர்களை. 65க்கு மேற்பட்டோரின் கோட்டில் அப்படியொரு பள்ளம் இல்லை.

ஆண், பெண் இருவரையும் முடிந்தவரை தனித்தனியே போடுங்கள். 65 வயது ஆணுக்கு 2019இல் 18.2, 2021இல் 17.0, 2023இல் மறுபடி 18.2. பெண்ணுக்கு 20.8, 19.7, 20.7. ஆண்கள் அதிகம் இழந்தார்கள், பழைய எண்ணையும் எட்டிவிட்டார்கள். மொத்தச் சராசரியில் இது தெரியாது.

தரவு

ஒவ்வொரு ஆண்டுக்கும் இரண்டே நிரல்கள் வேண்டும்: அந்த வயதுப் பிரிவில் நடந்த இறப்புகள், அதே பிரிவின் ஆண்டு நடு மக்கள்தொகை. பிரிவுகள் 65–69, 70–74, 75–79, 80–84, 85+.

அமெரிக்காவுக்கு சிடிசி என்ற அந்நாட்டு நோய்த் தடுப்பு நிறுவனத்தின் வொண்டர் தளத்தில் மாநில வாரியாக இறப்புகளை எடுக்கலாம். 10க்குக் குறைந்த எண்ணிக்கையை அது மறைத்துவிடும். 85க்கு மேல் ஒற்றை வயது மக்கள்தொகையும் அதில் கிடைக்காது. பல நாடுகளை ஒப்பிட வேண்டுமானால் மனித இறப்புத் தரவுத்தளம் (Human Mortality Database) நல்லது. இலவசம்தான், பதிவுசெய்தால் போதும். 110+ வரை ஒற்றை வயதிலேயே இறப்பும் மக்கள்தொகையும் அங்கே இருக்கின்றன. அதே தளத்தில் வாரவாரியான கோப்பும் உண்டு. அதில் வயதுப் பிரிவுகள் 65–74, 75–84, 85+ என்று அகலமானவை. சில நாடுகளின் மூல எண்களைப் பிரித்துத்தான் இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள், அதைச் சொல்லும் நிரல் கோப்பிலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

ஆயத்த ஆயுள் அட்டவணை இருக்கும்போது நாமே ஏன் போட வேண்டும்? உங்களுக்கு வேண்டிய மாநிலத்துக்கோ, ஜூலை முதல் ஜூன் வரையான ஆண்டுக்கோ, புதிதாக வந்த தற்காலிகத் தரவுக்கோ ஆயத்த அட்டவணை இருக்காது. தவிர, எந்த எண்ணைத் தொட்டால் விடை எவ்வளவு ஆடும் என்பது கையால் போட்டால்தான் பிடிபடும்.

அட்டவணை போடுவது

கீழே உள்ள விகிதங்கள் கணக்குப் பழக எடுத்தவை, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. ஆனால் நடைமுறையில் வரும் அளவுகளை ஒட்டியே இருக்கின்றன.

| வயது | இறப்பு விகிதம் | பிரிவுக்குள் இறக்கும் வாய்ப்பு | தொடக்கத்தில் உயிரோடு | இறப்பு | வாழ்ந்த ஆண்டுகள் |
|---|---|---|---|---|---|
| 65–69 | 0.0150 | 0.0723 | 1,00,000 | 7,229 | 4,81,927.5 |
| 70–74 | 0.0230 | 0.1087 | 92,771 | 10,089 | 4,38,632.5 |
| 75–79 | 0.0370 | 0.1693 | 82,682 | 14,001 | 3,78,407.5 |
| 80–84 | 0.0620 | 0.2684 | 68,681 | 18,434 | 2,97,320 |
| 85+ | 0.1400 | 1 | 50,247 | 50,247 | 3,58,907 |

இறப்பு விகிதம் என்பது இறப்பை ஆண்டு நடு மக்கள்தொகையால் வகுத்தது. அடுத்த நிரலுக்கு, விகிதத்தை 5ஆல் பெருக்கி மேலே வையுங்கள். அதே விகிதத்தை 2.5ஆல் பெருக்கி 1 கூட்டிக் கீழே வையுங்கள். வகுத்தால் அந்த ஐந்தாண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு. முதல் வரிசையில் 0.075ஐ 1.0375ஆல் வகுக்க 0.0723 வருகிறது. 2.5 எதற்கு என்றால், ஐந்தாண்டுக்குள் இறப்பவர்கள் சராசரியாகப் பாதிவழியில் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறோம். முதுமையில் உண்மையில் அது பாதியைச் சற்றுத் தாண்டும், ஆனால் விடையில் பெரிய வித்தியாசம் வராது.

ஒரு லட்சம் பேரை 65இல் நிறுத்துங்கள். வாய்ப்பால் பெருக்கினால் இறப்பு, கழித்தால் 70ஐ எட்டியவர்கள். இப்படியே கீழே இறங்குங்கள். வாழ்ந்த ஆண்டுகள் என்ற நிரலுக்கு, பிரிவின் தொடக்கத்தில் இருந்தவர்களையும் முடிவில் மிஞ்சியவர்களையும் கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். கடைசிப் பிரிவுக்கு முடிவு கிடையாது, ஆகவே 85ஐ எட்டிய 50,247 பேரை 0.14ஆல் வகுத்துவிடுங்கள்.

கடைசி நிரலின் கூட்டுத்தொகை சுமார் 19,55,195. ஒரு லட்சத்தால் வகுத்தால் 19.55. இதுதான் 65 வயதில் ஆயுள் எதிர்பார்ப்பு. இடையில் எதையும் முழு எண்ணாக்க வேண்டாம், எக்செல் தன் தசமங்களை வைத்துக்கொள்ளட்டும். முழு எண்ணாக்கிக்கொண்டே போனால் இரண்டாவது தசமம் கெட்டுவிடும். நாம் தேடும் மாற்றமே 0.1, 0.2 அளவில்தான் இருக்கிறது.

சரிபார்க்க ஒரு குறுக்குவழி. ஒவ்வொரு வயதிலிருந்தும் கீழுள்ள வாழ்ந்த ஆண்டுகளைக் கூட்டி, அந்த வயதில் உயிரோடிருப்போரால் வகுத்து, வயதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே 84.55, 85.88, 87.51, 89.55, 92.14 என்று வரும். இந்த வரிசை ஏறிக்கொண்டே போக வேண்டும். எங்காவது இறங்கினால் தாளின் சூத்திரத்தில் பிழை இருக்கிறது. விகிதங்களே தவறாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனை அதைக் காட்டாது.

உங்கள் விடை அரசு வெளியிட்ட எண்ணோடு அப்படியே பொருந்தாது, பதற வேண்டாம். அமெரிக்க அட்டவணைகளில் முதிர்ந்த வயது இறப்பு விகிதங்களுக்கு மெடிகேர் காப்பீட்டுப் பதிவுகளைக் கலந்து சீராக்குகிறார்கள், நாம் அதைச் செய்யவில்லை. எல்லா ஆண்டுகளையும் ஒரே முறையில் போட்டால் போதும். ஒரு ஆண்டை அரசு அட்டவணையிலிருந்தும் அடுத்ததை நம் தாளிலிருந்தும் எடுத்து ஒப்பிடுவதுதான் கூடாது.

விழுந்த ஆண்டு, விழுந்த இடம்

அதே தாளை நகலெடுத்து விகிதங்கள் எல்லாவற்றையும் 15 சதவீதம் உயர்த்துங்கள். 0.01725, 0.02645, 0.04255, 0.0713, 0.161. விடை 18.29க்கு இறங்கும், இழப்பு 1.26 ஆண்டு. இந்த ஒரு சோதனையிலிருந்து எப்போதும் கைகொடுக்கும் ஒரு அளவுகோல் கிடைக்கிறது: 65க்கு மேல் இறப்பு விகிதம் ஒரு சதவீதம் மாறினால் ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 0.09 ஆண்டு மாறும் (1.26ஐ 15ஆல் வகுத்தால் 0.084, சிறு மாற்றங்களுக்கு அது சற்றுக் கூடும்). மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடத்தில் வரும்.

இனி 1.26ஐ வயது வாரியாகப் பிரிக்க வேண்டும். மக்கள்தொகையியலில் அரியாகா முறை என்பார்கள். இரண்டு தாள்களும் பக்கத்தில் இருந்தால் ஒரு பிரிவுக்கு இரண்டு துண்டுகள். இங்கே பழைய தாள் முதல் ஆண்டு, விகிதம் உயர்த்திய தாள் இரண்டாம் ஆண்டு.

முதல் துண்டு, அந்தப் பிரிவுக்குள்ளேயே இழந்தது. இரண்டாம் ஆண்டில் பிரிவின் வாழ்ந்த ஆண்டுகளை அதன் தொடக்க ஆட்களால் வகுத்து, அதிலிருந்து முதல் ஆண்டின் அதே ஈவைக் கழித்து, முதல் ஆண்டில் அந்த வயதில் உயிரோடிருந்தோரின் பங்கால் பெருக்குங்கள். 65–69க்கு 4.7933 கழித்தல் 4.8193, பங்கு 1. விடை −0.026.

இரண்டாம் துண்டு, இங்கே இறந்தவர்கள் பிற்பாடு வாழ்ந்திருக்கக்கூடிய ஆண்டுகள். முதல் ஆண்டின் ஆட்களை இரண்டாம் ஆண்டின் ஆட்களால் வகுத்த ஈவைப் பிரிவின் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்து, தொடக்க ஈவிலிருந்து முடிவு ஈவைக் கழியுங்கள். அதை இரண்டாம் ஆண்டில் பிரிவுக்குக் கீழே மிஞ்சும் மொத்த வாழ்ந்த ஆண்டுகளால் பெருக்கி ஒரு லட்சத்தால் வகுங்கள். 65–69க்கு தொடக்க ஈவு 1, முடிவு ஈவு 92,771ஐ 91,732ஆல் வகுத்தது, அதாவது 1.0113. கீழே மிஞ்சுவது 13.499. விடை −0.153. இரண்டையும் கூட்டினால் −0.18.

கடைசிப் பிரிவுக்கு ஒரே துண்டு: 85இல் ஆயுள் 7.14இலிருந்து 6.21க்கு இறங்கியது, பங்கு 0.502. விடை −0.47. எல்லாப் பிரிவும் சேர்ந்து −0.18, −0.20, −0.21, −0.20, −0.47. கூட்டினால் 1.26 வர வேண்டும், வருகிறது. வராவிட்டால் பிழை பெரும்பாலும் இரண்டாம் துண்டில்தான், ஈவுகளைத் தலைகீழாக எடுத்திருப்பீர்கள். ஆண்டுகளை இடம் மாற்றிப் போட்டால் பங்குகள் சற்று மாறும், பிரசுரத்துக்குப் போகிறதென்றால் இரு பக்கமும் போட்டுச் சராசரி எடுங்கள்.

எல்லா வயதிலும் ஒரே அளவு, 15 சதவீதம்தான், உயர்த்தினோம். இருந்தும் இழப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 85+ என்ற ஒரே வரிசையிலிருந்து வந்திருக்கிறது. மீட்சியும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் நடக்கும். துரதிர்ஷ்டம், தரவு மிகவும் கெட்டிருக்கும் வரிசையும் அதுதான்.

காரணம் வாரியாகவும் பிரிக்கலாம். 80–84 பிரிவின் விகிதம் 0.0093 மாறியது, அதில் கோவிட் இறப்பு மட்டும் 0.0070 என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவிட்டின் பங்கு முக்கால் பாகம். பிரிவின் 0.20இல் 0.15 கோவிட்டுக்குப் போகும், மீதி மற்ற நோய்களுக்கு. இறப்புச் சான்றிதழில் மூல காரணமாகக் குறித்ததை மட்டும் எடுங்கள். எங்காவது "கோவிட்" என்று எழுதியிருந்ததையெல்லாம் சேர்த்தால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டும். அமெரிக்காவில் மூல காரண வரிசையில் கோவிட் 2020, 2021இல் மூன்றாம் இடம், 2022இல் நான்காம் இடம், 2023இல் பத்தாம் இடம். மீட்சியின் பெரும்பகுதி அது விலகியதால் வந்தது என்பதற்கு இது நல்ல துணைச் சாட்சி. ஆனால் விலகிய அளவையும் ஏறிய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் "தடுப்பூசியால் இத்தனை ஆண்டு" என்று எழுதிவிட முடியாது.

"மீண்டது" என்றால் எதோடு ஒப்பிட்டு?

பலரும் எழுதுவது இப்படி: விழுந்தது 1.2, வந்தது 1.1, ஆகவே 92 சதவீத மீட்சி. கணக்கு சரி, துல்லியம் போலி. வெளியிடும் எண்கள் ஒரு தசமத்துக்குச் சுருக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் 0.05 இருபக்கமும் ஒளிந்திருக்கிறது. 1.1 என்பது 1.0ஆகவும் இருக்கலாம், 1.2ஆகவும் இருக்கலாம். "ஏறக்குறைய முழுதும்" என்று எழுதுங்கள், அல்லது சுருக்காத அட்டவணையிலிருந்து எடுங்கள்.

இரண்டாவது ஒப்பீடு, பெருந்தொற்று வராமலிருந்தால் எங்கே போயிருக்கும் என்பதோடு. 2010இல் 19.1, 2019இல் 19.6. ஒன்பது ஆண்டில் 0.5 ஏற்றம். அதே வேகத்தை நீட்டினால் 2023இல் 19.8 இருந்திருக்க வேண்டும், இருந்தது 19.5. பழைய எண்ணுக்கு 0.1 பாக்கி என்றால், போயிருக்க வேண்டிய இடத்துக்கு 0.3 பாக்கி. இரண்டில் எதைத் தலைப்பில் போடுவது? நம் தீர்ப்பு, இரண்டாவதை. 2019 நின்றுபோன ஆண்டு அல்ல, ஏறிக்கொண்டிருந்த ஆண்டு. ஆனால் எந்தக் காலத்துப் போக்கை நீட்டினீர்கள் என்று வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். 2010–19ஐ நீட்டுவதும் 2000–19ஐ நீட்டுவதும் ஒரே விடை தராது.

அடிப்படை ஆண்டாக 2019தான் வேண்டும் என்ற விதியும் இல்லை. ஜப்பானில் பெண்களின் பிறப்பு ஆயுள் 2019இல் 87.45. பல நாடுகளில் விழுந்த 2020இல் அங்கே 87.71க்கு ஏறியது. பிறகு 2021இல் 87.57, 2022இல் 87.09. அமெரிக்காவின் அடிமட்ட ஆண்டு 2021, ஜப்பானின் அடிமட்டம் அதற்குப் பிறகு. "2021இலிருந்து எவ்வளவு மீண்டது" என்று எல்லா நாட்டையும் ஒரே கயிற்றில் கட்டினால் ஜப்பான் இன்னும் விழுந்துகொண்டிருப்பதாகவே காட்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் உச்சத்தையும் அடிமட்டத்தையும் தனியே எடுங்கள்.

மூன்றாவதாக, குறைவுகளின் கூட்டுத்தொகையையும் ஒரு மூலையில் போட்டுவையுங்கள்: 1.1, 1.2, 0.7, 0.1. மொத்தம் 3.1. இது யாருடைய வாழ்நாளும் அல்ல, நாடுகளுக்கிடையே ஒப்பிட உதவும் குறியீடு மட்டுமே. கடைசியில் இரண்டு நாடுகளும் ஒரே உயரத்துக்குத் திரும்பியிருந்தாலும், ஒன்று நாலாண்டு பள்ளத்தில் கிடந்ததா ஓராண்டா என்பதை இது காட்டிக்கொடுக்கும்.

எங்கே சறுக்கும்

*85+ மக்கள்தொகை.* கணக்கெடுப்புகளுக்கு இடையிலான ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை மதிப்பீடுதான். அது 5 சதவீதம் கூடுதலாக இருந்தால் விகிதம் 0.14இலிருந்து 0.1333 ஆகும். நம் அட்டவணையில் 0.18 ஆண்டு சும்மா ஏறிவிடும். 2023இல் நிஜமாக வந்த ஏற்றமே 0.6தான். அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்புக்கு முன்னும் பின்னும் உள்ள மதிப்பீடுகளைக் கலக்காதீர்கள். திருத்திய வரிசை வந்திருந்தால் எல்லா ஆண்டுகளையும் அதிலிருந்தே எடுங்கள்.

*பிரிவுக்குள் நடக்கும் இடமாற்றம்.* இது பலருக்குக் கண்ணில் படாது. பெருந்தொற்றில் 85+ பிரிவுக்குள் 95 வயதினர் அதிகம் இறந்துவிட்டால், மிஞ்சிய பிரிவு சற்று "இளமை"யாகிறது. ஒவ்வொரு வயதிலும் இறப்பு அப்படியே இருந்தாலும் பிரிவின் விகிதம் குறையும், தாள் அதை மீட்சி என்று படிக்கும். அமெரிக்காவில் இன்னொன்றும் சேர்கிறது. போர் முடிந்த 1946இல் பிறப்புகள் ஒரேயடியாகப் பெருகின. அந்தக் கூட்டம் 75ஐத் தொட்டது 2021இல். 75–79 பிரிவின் கீழ்விளிம்பில் திடீரென ஆள் சேர்ந்ததால் அந்தப் பிரிவின் விகிதமும் தானாகவே சரிந்தது. மருந்து ஒன்றுதான், ஒற்றை வயதுத் தரவு. குறைந்தது 85+ஐ 85–89, 90–94, 95+ என்று உடையுங்கள். வசதிக்காக 75+ என்று முன்னதாகவே மூடிவிடுவது இந்தக் கணக்கில் மன்னிக்க முடியாத சோம்பல்.

*காலண்டர்.* 2020இன் முதல் இரண்டு மாதம் சாதாரண மாதங்கள். 2020–21 குளிர்கால அலையோ டிசம்பர் 31இல் இரண்டாக வெட்டுப்பட்டு, பாதி 2020க்கும் பாதி 2021க்கும் போனது. அமெரிக்காவில் 2020 டிசம்பர் நடுவில் தடுப்பூசி தொடங்கியும் 2021 எண் 18.4க்கு இறங்கியதில் ஜனவரி மாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஜூலை முதல் ஜூன் வரை ஒரு ஆண்டாக எடுத்தால் அலைகள் முழுசாக இருக்கும், மக்கள்தொகையை ஜனவரி 1க்கு எடுக்க வேண்டும். வாரத் தரவில் போடும்போது, 2020க்கு 53 வாரம் என்பதை மறந்தால் கிட்டத்தட்ட 2 சதவீத இறப்பு கூடுதலாகச் சேரும். மேலே சொன்ன அளவுகோலில் அது 0.17 ஆண்டு.

*முன்கூட்டிய இறப்பு.* அடுத்த ஆண்டு இறந்திருக்கக்கூடிய நலிந்தவர்களைப் பெருந்தொற்று முந்திக் கொண்டுபோனால், அடுத்த ஆண்டு இறப்பு வழக்கத்தைவிடக் குறையும். 2003 ஆகஸ்ட் வெயிலில் பிரான்சில் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2004இல் அங்கே இறப்புகள் குறிப்பிடத்தக்க அளவு தாழ்ந்தன. எனவே ஒரே ஒரு நல்ல ஆண்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று ஆண்டு அந்த உயரத்தில் நின்றால்தான் மீட்சி.

*சிறிய இடங்கள்.* 65க்கு மேற்பட்ட இறப்புகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து 1ஐ அதனால் வகுத்தால் விகிதத்தின் தற்செயல் ஆட்டம் கிடைக்கும். ஆண்டுக்கு 1,000 இறப்பு என்றால் 3.2 சதவீதம். ஆயுளில் 0.28, இருமடங்கு வரம்பு எடுத்தால் இருபக்கமும் 0.56. அங்கே 0.4 ஏற்றம் என்பது செய்தியே அல்ல. 10,000 இறப்பென்றால் வரம்பு 0.18, ஒரு லட்சமென்றால் 0.06. சிறு மாவட்டங்களுக்கு மூன்றாண்டுத் தரவைச் சேர்த்துப் போடலாம், ஆனால் 2019, 2020, 2021ஐ ஒன்றாகச் சேர்க்காதீர்கள். தேடும் பள்ளமே அதில் நிரவிப்போகும்.

இந்தியத் தரவில் இதே கணக்கு

நிரவிப்போவது இந்தியாவில் நடைமுறையாகவே இருக்கிறது. தேர்ந்தெடுத்த பகுதிகளில் மட்டும் பிறப்பு, இறப்பை எண்ணும் மாதிரிப் பதிவு முறையின் ஆயுள் அட்டவணைகள் ஐந்தாண்டைச் சேர்த்துப் போடப்படுபவை. 2016–20க்குப் பிறப்பு ஆயுள் 70.0, 2017–21க்கு 69.8. பார்த்தால் 0.2தான் குறைந்தது போலிருக்கும். ஆனால் இரண்டு அட்டவணைக்கும் நான்கு ஆண்டுகள் பொது, மாறியது ஒரு ஆண்டு மட்டும்: 2016 போய் 2021 வந்தது. சராசரியில் 0.2 குறைய வேண்டுமானால் புதிதாக வந்த ஆண்டு, வெளியே போன ஆண்டைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு, அதாவது ஒரு ஆண்டு அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். இது முரட்டுக் கணக்குதான், இருந்தாலும் அட்டவணையின் 0.2ஐ அப்படியே நம்புவதைவிட மேல். 2021ஐத் தாங்கிய ஐந்தாண்டுகள் வரிசையாக வெளிவரும்வரை "மீட்சி"யும் அதே மாதிரி மெதுவாகத்தான் தெரியும்.

பதிவான இறப்புகளை நேரடியாக எடுத்தால் வேறொரு சிக்கல். குடிமைப் பதிவு முறையில் 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 1.02 கோடி. இந்த ஏற்றம் முழுவதும் கூடுதல் சாவு அல்ல, பதிவு மேம்பட்டதும் அதில் ஒரு பகுதி. வகுக்க வேண்டிய மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பிலிருந்து நீட்டியது. வயதும் 60, 65, 70 என்று முழு எண்களில் குவியும், ஏனென்றால் பல வீடுகளில் பிறந்த தேதி யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. 65இல் குவிந்தவர்கள் 63, 64 வயதினராகவும் இருப்பார்கள். தொடக்க வயதை 65இலும் 60இலும் வைத்து இரண்டு முறை போட்டுப் பாருங்கள். மாற்றத்தின் திசை இரண்டிலும் ஒன்றாக இருந்தால் நம்பலாம், மாறினால் விடுங்கள்.

எழுதும்போது

"ஒவ்வொரு முதியவரும் ஒரு வயதை இழந்தார்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஆயுள் எதிர்பார்ப்பு, அந்த ஒரு ஆண்டின் இறப்பு விகிதங்கள் ஒருவரின் மிச்ச வாழ்நாள் முழுக்க நீடித்தால் என்ற கற்பனையில் போடும் கணக்கு. பெருந்தொற்று நீடிக்கவில்லை. நம் எடுத்துக்காட்டில் 65–69 பிரிவில் கூடுதல் இறப்பு ஆயிரத்துக்கு 2.25. அப்படி இறந்த ஒவ்வொருவரும் சராசரியாக 17, 18 ஆண்டை இழந்தார்கள். அதை அந்த வயதினர் எல்லோர் மேலும் பரப்பினால் தலைக்குச் சுமார் இரண்டு வாரம். 1.26 ஆண்டும் சரி, இரண்டு வாரமும் சரி. முதலாவது அந்த ஆண்டு எவ்வளவு கொடியது என்பதைச் சொல்கிறது, இரண்டாவது அதைத் தாண்டி வந்தவர்களின் கணக்கு. எதைச் சொல்கிறீர்கள் என்பது ஒரு வரியிலாவது இருக்கட்டும்.

தற்காலிகத் தரவில் போட்ட விடையைத் தேதியோடு குறித்துவையுங்கள். பதிவு தாமதமாகும் இறப்புகள் பின்னால் வந்து சேரும்போது கடைசி ஆண்டின் இறப்பு மட்டும்தான் கூடும், முந்தைய ஆண்டுகள் அசையாது. ஆகவே திருத்தங்கள் எப்போதும் மீட்சியைக் குறைக்கும் பக்கமே இழுக்கும். இறுதித் தரவு வந்ததும் அந்த ஒரு நிரலை மாற்றி ஒட்டி, வயது வாரிப் பங்குகளையும் மறுபடி எடுங்கள். மொத்தம் 0.05தான் மாறியிருந்தாலும் அது 85+ஐ விட்டு வேறு பிரிவுக்கு நகர்ந்திருந்தால், காரணத்தைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தியை மாற்ற வேண்டியிருக்கும்.